இப்றாஹிம் காக்காவின் முதல் வாளி

ஏறாவூரில் பெரிய றோட்டை விட்டு வாவிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வேப்பமரத்துக்குக் கீழே, எல்லோருக்கும் அண்ணன் முறையான இப்றாஹிம் காக்காவின் கராஜ் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. மரக்கொப்பில் கட்டிய செயின் புளொக்கும் அதில் தொங்கும் ஏதாவது ஓர் எஞ்சினும்தான் அடையாளம். வழி கேட்பவர்களிடம் ஊரார், "எஞ்சின் காய்ச்சுத் தொங்குற வேம்பு ஒண்டு நிக்கும், அதுக்குக் கீழதான்" என்பார்கள்.

நாட்டில் டொலர் வற்றி, புதிய வாகனங்கள் வராமல் நின்றுவிட்ட வருடங்களில்தான் காக்காவின் கொடி உயரப் பறந்தது. இருக்கிற வான் வண்டியை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். அதன் எஞ்சின் கையை விரித்துவிட்டால், ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த வண்டியின் எஞ்சினை வாங்கிப் பூட்ட வேண்டும். பழைய உடம்புக்குள் இரவல் எஞ்சினை இறக்கி, பொருந்தாததைப் பொருத்தி, இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவைபோல உறுமவைப்பதில் காக்காவை மிஞ்ச ஆள் இல்லை. சும்மா புகழ்ச்சிக்குச் சொல்லவில்லை. பொனற்றைத் திறக்காமலே, தலையைச் சற்றுச் சரித்து நின்று கேட்டுவிட்டு, "மூணாவது சிலிண்டர்ல ஒரு வால்வு பல்லக் கடிக்கிது" என்பார். திறந்து பார்த்தால் அது பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருக்கும்.

அடிக்கடி சரியாகச் சொல்லும் மனிதர்களுக்கு வரும் வியாதி காக்காவுக்கும் வந்திருந்தது. எஞ்சின்களிடம் தான் படித்த பாடம் என்று ஒன்றை அவர் எல்லோருக்கும் ஓதுவார்.

"எஞ்சின் பழுதாப் போனா பிழைகாரன் மூணு பேர்தான் தம்பி. ஒண்டு, ஓட்டினவன். ரெண்டு, வித்தவன். மூணு, றோட்டுப் போட்டவன். நாலாவது ஆள் கிடையாது."

நாலாவது ஆள் யாராக இருக்கலாம் என்று யாரும் கேட்டதில்லை. அந்த ஆள் கையில் ஸ்பானரோடு எதிரே நிற்கும்போது எப்படிக் கேட்பது?

கேட்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. காக்கா பூட்டிய எஞ்சின் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால், கூலி வாங்காமல் மறுபடி பிரித்துச் செய்து கொடுப்பார். மூன்றாம் முறை வந்தாலும் முகம் கோணமாட்டார். வேறு கராஜ்காரர்கள் வேலை முடிந்த அன்றே வாடிக்கையாளரை மறந்துவிடுவார்கள். காக்காவோ வீட்டு ஆள் மாதிரி வைத்துப் பார்ப்பார். "திரும்பி வந்தாலும் சும்மா செய்து தருகிற மனிசன்" என்று ஓட்டமாவடியிலிருந்து காத்தான்குடி வரை பேச்சு. அவரிடம் பூட்டிய எஞ்சின்கள் ஏன் இப்படித் திரும்பித் திரும்பி வருகின்றன என்பதை அந்தப் பேச்சுக்குள் யாரும் கவனிக்கவில்லை.

இனி அந்த முதல் வாளிக்கு வருவோம். கராஜும் வீடும் ஒரே வளவு. நடுவில் காக்காவின் வாப்பா வெட்டிய கிணறு. ஒரு காலத்தில் அந்த ஒழுங்கையிலேயே அதைப்போல இனித்த தண்ணீர் கிடையாது. அயல் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றதைக் காக்கா சிறுவயதில் பார்த்திருக்கிறார். எஞ்சின் பூட்டி முடிந்ததும், ஸ்டார்ட் பண்ண முன், காக்கா கையைக் கழுவிக்கொண்டு, "பிஸ்மில்லாஹ்" சொல்லி, தானே வாளியை இறக்கி, முதல் வாளித் தண்ணீரைத் தன் கையால் ரேடியேட்டருக்குள் ஊற்றுவார். அந்த வேலையை வேறு யாருக்கும் விடமாட்டார். முஸ்லிம் றைவர்கள் அதைப் பறக்கத்தான தண்ணி என்றார்கள். தமிழ் றைவர்கள் கைராசித் தண்ணி என்றார்கள். காக்காவிடம் மிகவும் பாசமானவர்கள் மாதத்துக்கு ஒருமுறை வந்து, "காக்கா, பழசத் திறந்து விட்டுட்டு ஒரு வாளி ஊத்தி விடுங்க" என்று கேட்டு ஊற்றிக்கொண்டு போனார்கள். தூரத்து ஹயர் ஓட்டத்துக்குப் போகிறவர்கள் போத்தலில் பிடித்துக்கொண்டும் போனார்கள்.

எஞ்சினைக் குளிர்விக்கவென்று கடையில் விற்கும் பச்சைக் கூலன்ட் காக்காவுக்கு ஆகாது. "தண்ணிக்குச் சாயம் போட்டு விக்கிறானுகள்" என்பார். அவருக்கு எஞ்சின் விற்கும் இல்ஹாம் ஹாஜியார் ஒவ்வொரு எஞ்சினோடும் ஒரு கூலன்ட் கேனை இலவசமாகக் கொடுப்பார். காக்கா நன்றி சொல்லி வாங்கிவந்து, மூடியைத் திருகாமலே கராஜுக்குள் பலகைத் தட்டில் அடுக்கிவிடுவார். தட்டு நிறைந்தபோது இன்னொரு தட்டு அடித்தார்.

ஹாஜியாருக்கு ஓட்டமாவடியில் கடை. இருவரும் இளந்தாரி வயதிலிருந்தே நீ, நான் என்று பழகியவர்கள். ஹாஜியாரின் மகன் ஸியாமுக்கும் காக்காவின் மகள் நிஸ்றாவுக்கும் கலியாணம் பேசி முடித்த அன்றிலிருந்து இருவரும் திடீரென்று மரியாதைக்காரராகி, "நீங்க, வாங்க" என்று கூச்சத்தோடு பேசிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். ஆகவே வளவின் முன்பக்க வீட்டை மகளுக்கென்று காக்கா பூசிப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். நிஸ்றா பாலர் பள்ளி ஆசிரியை. ஸியாம் என்ற பெயரைக் கேட்டால் காது மடல் சிவக்கும் பருவம். இரண்டு வீட்டாரும் தெரிந்தும் தெரியாத மாதிரி விட்டிருந்ததால், பின்னேரங்களில் டெலிபோனில் பேசியும் வந்தாள்.

அந்த வருடம் வறண்ட கச்சான் காற்று கடுமையாக அடித்தது. வாவி கரையிலிருந்து விலகிப் போனது, வேப்பிலைகூடச் சுருண்டது. அதோடு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொதித்துக்கொண்டு வந்து நின்றன. ஒன்றைப் பிரித்தால் தண்ணீர் ஓடும் துவாரங்கள் வெள்ளை பூத்து அடைத்துக் கிடந்தன. இன்னொன்றில் அலுமினியத் தலை செல்லரித்த பலகைபோலப் பொடிந்திருந்தது. காக்கா அந்த வெள்ளையை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

உப்பு.

இதைவிடச் சரியாக எந்தப் பொறியியலாளனும் கண்டுபிடித்திருக்க முடியாது. எஞ்சின்களைக் கொன்றது உப்புத்தான். அதிலே காக்காவுக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம். அடுத்ததாக அவர் தன் பாடத்தைப் புரட்டினார். ஓட்டியவர்கள் எல்லாரும் தன்மேல் உயிரையே வைத்திருக்கும் ஆட்கள். மாதம் தவறாமல் வந்து தண்ணீர் மாற்றிக்கொண்டு போனவர்கள். றோட்டிலே உப்பில்லை. மிச்சம் இருப்பது விற்றவன்.

"ஜப்பான்ல கடல் ஏறி மூழ்கின வண்டிகள்ர எஞ்சின்," என்றார் கிணற்றடியில் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்த மனைவி கைறுன்னிஸாவிடம். "கழுவிப் பூசி நம்மட தலையில கட்டியிரிக்கார், உங்கட சம்மந்தி."

"அவர் அப்படிச் செய்யிற ஆளில்ல," என்றாள் கைறுன்னிஸா. "இஞ்சாருங்க, இந்தச் சவுக்காரமும் முந்தி மாதிரி நுரைக்கிதில்ல."

"அவனும் ஏமாத்துறான். இந்தக் காலத்துல எல்லாரும் ஏமாத்துறானுகள்," என்றார் காக்கா.

அடுத்த நாள் செல்லரித்த எஞ்சின் தலை ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓட்டமாவடிக்குப் போனார். கடையில் ஆட்கள் நிறைந்திருந்த நேரம். மேசைமேல் அதைத் தொப்பென்று போட்டு, "நக்கிப் பாரு இல்ஹாம். ஒனக்கிட்ட வாங்கின எஞ்சின்ல கடல் இரிக்கி," என்றார். நீங்க, வாங்க எல்லாம் வாசலிலேயே நின்றுவிட்டன.

ஹாஜியார் அமைதியான மனிதர். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்புக் கரித்ததில் அவர் முகம் வெளிறியது.

"நீங்க சொல்றது மெய்யெண்டா, என்ட மகன உங்கட ஊட்டுக்கு அனுப்ப எனக்கு முகமில்ல," என்றார் கடைசியில். "பொய்யெண்டா, அனுப்ப எனக்கு மனமில்ல. எப்படிப் பார்த்தாலும் இது சரிவராது இப்றாஹிம். விட்டிருவம்."

இப்படியாக, ஜப்பானில் ஒருபோதும் அடிக்காத ஓர் அலை ஓட்டமாவடிக்கு வந்து ஒரு கலியாணத்தை அடித்துக்கொண்டு போனது. காக்கா வெற்றியோடு வீடு திரும்பினார். மகளிடம் விசயத்தைச் சொல்லி, ஒரு மோசடிக்காரன் குடும்பத்திலிருந்து அவளைக் காப்பாற்றிவிட்டதாகவும் சொன்னார். நிஸ்றா சத்தம் போடவில்லை; அழவுமில்லை.

"வாப்பா, மாப்பிள்ளை பார்த்தது எனக்கா, உங்கட எஞ்சினுக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு அவள் கராஜுக்குத் தேத்தண்ணி கொண்டு வருவதில்லை. கைறுன்னிஸா கொண்டு வந்து வைத்தாள். முன்பக்க வீட்டுச் சுவரில் பாதிப் பூச்சோடு வேலை நின்றது. காக்கா அதைப் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டார். நியாயம் தன் பக்கம் இருக்கும்போது நெஞ்சு இப்படிக் கனப்பது ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

சித்தாண்டி முருகன் கோயில் திருவிழாக் காலத்தில் ஒரு நாள் முற்பகல், ஒரு பழைய வான் வேம்படியில் வந்து நின்றது. நிறையச் சனம். ஓட்டிவந்தவர் கொக்கட்டிச்சோலை நல்லரத்தினம். காக்கா தன் வாடிக்கையாளரை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்: நன்றியுள்ளவர்கள், நன்றி கெட்டவர்கள். நல்லரத்தினம் இரண்டாவது வகைக்குத் தலைவர். எஞ்சின் பூட்டிக்கொண்டு போனவர், அதன் பிறகு எட்டியும் பார்க்கவில்லை. ஒரு வாளி தண்ணீருக்குக்கூட வரவில்லை.

"வாங்க, வாங்க. வழி மறந்து போச்சாக்கும் எண்டு நெனச்சன்," என்றார் காக்கா.

"கோயிலுக்குப் போற வழியில பேன் பெல்ட் அறுந்திட்டு காக்கா. அதுதான்," என்றார் நல்லரத்தினம், கொஞ்சம் கூச்சத்தோடு.

காக்கா பொனற்றைத் திறந்தார். அந்த எஞ்சின் அவருக்கு நன்றாக ஞாபகம். இப்போது கொதித்துச் சாகிற எஞ்சின்களோடு ஒரே கொள்கலனில் வந்தது. ஹாஜியாரின் கடையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தவற்றை அவரேதான் தெரிந்தெடுத்தார். இதுவும் கடல் எஞ்சின்தான். இன்றைக்கு நேரிலேயே காட்டிவிடலாம் என்று ரேடியேட்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே தண்ணீர் தெளிவாக இருந்தது. வெள்ளையைக் காணவில்லை. விரலை விட்டுத் துழாவினார். நாக்கில் வைத்தார். ஒன்றுமில்லை. வெறும் தண்ணீர்.

"இதுக்கு என்ன ஊத்துற நீங்க?"

"வீட்டுத் தண்ணிதான். எங்கட வயல் வட்டைக்குள்ள ஒரு கிணறு கிடக்கு, அதில அள்ளுறது."

"நான் ஊத்தின தண்ணி?"

நல்லரத்தினம் தலையைச் சொறிந்தார். "சொன்னா மனவருத்தப்படக் கூடாது. அண்டைக்குப் போற வழியில, வலையிறவுப் பாலத்தைத் தாண்டேக்க ஹோஸ் கிளிப் கழண்டு முழுத் தண்ணியும் றோட்டில போயிட்டு. நீங்க வடிவா இறுக்கயில்லப் போல. வவுணதீவில ஒரு வீட்டில வாளி வாங்கி ஊத்திக்கிட்டுப் போனனான். காக்காட வேலையில பிழை எண்டு சொல்ல எனக்கு வாய் வரயில்ல. அதுதான் மறுகா இந்தப் பக்கமே வராம விட்டது."

ஆயுளில் ஒரு கிளிப்பைத்தான் காக்கா சரியாக இறுக்காமல் விட்டிருக்கிறார். அந்த எஞ்சின்தான் கல்லுப்போல ஓடிக்கொண்டிருக்கிறது. இதை எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் அவர் பெல்ட்டை மாட்டத் தொடங்கினார்.

முந்தின நாளிலிருந்து குழாய்த் தண்ணீர் இல்லை. எங்கோ குழாய் உடைந்து திருத்துகிறார்களாம். கூரைமேலிருந்த தாங்கியும் வறண்டுவிட்டது. ஆனாலும் வாசலுக்கு வந்த சனத்துக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்புவதா? கைறுன்னிஸா பல வருடத்துக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீரை அடுப்பில் வைத்தாள். வீட்டுக்குக் குழாய் வந்த நாளிலிருந்து அந்தத் தண்ணீரை யாரும் குடித்ததில்லை. உடுப்புக் கழுவ, முற்றம் தெளிக்க, எஞ்சினுக்கு ஊற்ற.

தேத்தண்ணி வந்தது. கோயிலுக்குப் போகும் சனம் மரநிழலில் இருந்து மிக மரியாதையாகக் குடித்தது. ஒரு மடக்குக்கும் அடுத்த மடக்குக்கும் இடையில் நீண்ட நேரம் வாவியைப் பார்த்தது. நல்லரத்தினம் எழுந்து மெதுவாக மரத்துக்குப் பின்னால் போய்க் கோப்பையை வேரில் கவிழ்ப்பதைக் காக்கா கண்டுவிட்டார். அவருக்குச் சுர்ரென்று ஏறியது. என் வீட்டுத் தேத்தண்ணியைக் கொட்டுகிற அளவுக்கு வந்துவிட்டானா இந்த நன்றி கெட்டவன்? ஏதோ சொல்ல வாயைத் திறந்து, முதலில் தொண்டையை நனைத்துக்கொள்வோம் என்று தன் கோப்பையை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார்.

அந்த மடக்கை அவர் விழுங்க வெகுநேரம் எடுத்தது.

அதே உப்பு. சுரண்டி நாக்கில் வைத்த அதே ருசி, சீனியோடும் தேயிலைச் சாயத்தோடும். அயலில் எல்லா வளவிலும் மோட்டர் போட்டு நிலத்துத் தண்ணீரை இழுத்ததில், கடலோடு கலக்கும் அந்த உப்பு வாவி கீழ்வழியாக எப்போதோ வாப்பாவின் கிணற்றுக்குள் வந்துவிட்டிருக்கிறது. குடித்துப் பார்க்க ஆள் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. எஞ்சின்களுக்குத் தெரிந்திருந்தது. அவற்றின் சத்தத்தை எல்லாம் கேட்டுச் சொல்லும் மனிதர் இதை மட்டும் கேட்கவில்லை. எந்த றைவன் அவரை அதிகம் நேசித்து மாதாமாதம் வந்தானோ அவன் எஞ்சின் முதலில் செத்தது. எவன் நன்றி கெட்டுத் திரும்பிப் பாராமல் போனானோ அவன் எஞ்சின் பிழைத்தது.

வான் போன பிறகும் காக்கா வேரடியில் இருந்தார். வெட்கம் அவருக்குக் காய்ச்சல்போல உடம்பெல்லாம் பரவியது. கைறுன்னிஸா வந்து மிச்சத் தேத்தண்ணியைக் குடித்துப் பார்த்தாள்.

"பாவம், சவுக்காரக் கொம்பனிக்காரன்," என்றாள். அதற்குமேல் ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றும் ஒரு நினைப்பு வரத்தான் செய்தது. யாருக்குத் தெரியப்போகிறது? நாளையிலிருந்து கூலன்ட் ஊற்றினால் போதும். ஆனால் பாதிப் பூசிய சுவர் கண் முன்னால் நின்றது. அடுத்த நாள் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி ஊற்றி பிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டு, ஆட்கள் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து, ஓட்டமாவடிக் கடைக்குப் போனார். பிளாஸ்க் மூடியில் ஊற்றி ஹாஜியார் முன்னால் வைத்தார். ஹாஜியார் ஒரு மடக்குக் குடித்து நிமிர்ந்து பார்த்தார்.

"என்ட கிணறு," என்றார் காக்கா.

ஹாஜியார் மிச்சத்தையும் குடித்து முடித்து, மூடியைக் கவிழ்த்து வைத்தார்.

"எஞ்சினோட நான் தந்த பச்சக் கேனெல்லாம் எங்க இப்றாஹிம்?"

"அடுக்கி வெச்சிரிக்கன்."

"எல்லாமா?"

"எல்லாம். ரெண்டு தட்டு."

ஹாஜியாருக்குச் சிரிப்பதா ஏசுவதா என்று தெரியவில்லை. "ஒன்ட பேச்ச நானே நம்பிட்டன்டா," என்றார். நீ, நான் திரும்பி வந்துவிட்டது. "ஜப்பான்காரனுக்கு டெலிபோன் எடுத்து வாயில வந்ததெல்லாம் சொன்னன். அவன் செய்யாத பிழைக்கு இண்டைக்கு வரைக்கும் குனிஞ்சு குனிஞ்சு மன்னிப்புக் கேக்கிறான். அவன்ட முகத்தில நான் இனி எப்படி முழிக்கிற?"

காக்கா தலையைத் தொங்கப்போட்டு நின்றார்.

"நான் மன்னிச்சிட்டன் எண்டு வெய். ஆனா என்ட கடைக்கு இப்ப கடல் எஞ்சின் கடை எண்டு பேரு. நீ எந்த வாயால சொன்னியோ, அந்த வாயால ஒன்ட றைவர்மாருக்கிட்டச் சொல்லு. அவங்க நம்பின அண்டைக்குக் கலியாண நாளப் பேசுவம்."

இதென்ன பெரிய காரியம் என்று காக்கா வந்தார். அன்றே வேம்படியில் வந்து நின்ற முதல் றைவனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். எஞ்சினைக் கொன்றது ஹாஜியார் இல்லை, என் கிணறுதான் என்றார். அவன் கண்கலங்கிவிட்டான்.

"காக்கா, உங்களப்போல மனிசன் இந்த உலகத்தில இல்ல," என்றான். "சம்மந்திட மானத்தக் காப்பாத்த எவ்வளவு பெரிய பழியத் தலையில ஏத்துறீங்க!"

இரண்டாமவனும் அதையே சொன்னான். மூன்றாமவன், "எல்லாம் விளங்குது காக்கா, பொம்புளப் புள்ளயப் பெத்தவர் நீங்க. என்ன செய்யிற?" என்று தோளைத் தட்டிவிட்டு, ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கேட்டான். மறுத்ததற்குக் கோபித்துக்கொண்டும் போனான். காக்கா சொல்லச் சொல்ல அவர் புகழ் ஏறியது. ஹாஜியாரின் பெயர் இன்னும் கெட்டது. மகளைக் கொடுக்கிறவனைக் கொண்டே பொய் சொல்லவைக்கிறாரே என்று ஊர் ஹாஜியாரைத் தூற்றியது. பொய் சொன்னபோது உடனே நம்பியவர்கள் உண்மைக்கு ஒரு காதுகூடக் கொடுக்கவில்லை. தன் சொல் செல்லாமல் போவது என்றால் என்னவென்று காக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஓட்டமாவடிக் கடையில் அன்று வெளிறிய முகம் அவருக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது.

ஒரு பின்னேரம் நிஸ்றா கராஜுக்கு வந்தாள். பல வாரத்துக்குப் பிறகு அவளாக வந்தது.

"சொல்லாதீங்க வாப்பா," என்றாள். "குடுங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வேம்படியில் கதிரை போட்டார்கள். றைவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஹாஜியாரும் ஸியாமும் வந்தார்கள். கொக்கட்டிச்சோலையிலிருந்து நல்லரத்தினத்தையும் அழைத்திருந்தார் காக்கா. நிஸ்றா பெரிய சருவத்தில் கிணற்றுத் தண்ணீர் கொதிக்கவைத்துத் தன் கையால் தேத்தண்ணி ஊற்றினாள். ஸியாமின் கோப்பைக்கும் அதுதான். அவனுக்கென்று சலுகை கிடையாது. கோப்பைகள் சுற்றி வந்தன.

காக்கா எதிர்பார்த்தது நடக்கவில்லை. ஒருவரும் துப்பவில்லை, ஒருவரும் முகத்தைச் சுளிக்கவில்லை. காக்கா வீட்டுத் தேத்தண்ணி அல்லவா? மடக்கு மடக்காக விழுங்கி, கண்ணில் நீர் வர, "நல்ல தேத்தண்ணி, நல்ல சாயம்" என்றார்கள். ஒருவன் இன்னொரு கோப்பையும் கேட்டான். நிஸ்றா சருவத்துக்குப் பக்கத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். காக்காவுக்கு அழுகை வரும்போல இருந்தது. இவ்வளவு அன்பு வைத்திருப்பவர்களுக்கு எதைக் கொண்டு ஒரு உண்மையைப் புரியவைப்பது?

அப்போது நல்லரத்தினம் ஒரு மடக்குக் குடித்து, அதை அப்படியே நிலத்தில் துப்பினார்.

"என்ன காக்கா இது? தேத்தண்ணியா, கடலா? அண்டைக்கும் இப்படித்தான். நான் வேரில ஊத்திப்போட்டன். மரம் இன்னும் நிக்கிறது உங்கட அதிஷ்டம்!"

எல்லாரும் திடுக்கிட்டார்கள். காக்கா எழுந்து போய் அந்த நன்றி கெட்ட மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதத்தான் தம்பி, உங்கட எஞ்சினெல்லாம் குடிச்சது," என்றார் எல்லோரையும் பார்த்து. "என்ட கையால."

றைவர்கள் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார்கள். பிறகு செயின் புளொக்கில் தொங்கிக்கொண்டிருந்த எஞ்சினைப் பார்த்தார்கள். இரண்டாம் கோப்பை கேட்டவன் அதை மெதுவாகக் கதிரைக்குக் கீழே வைத்தான்.

"நமக்கு ஒரு கோப்பைக்கே குடல் பிரளுது," என்றான் ஒருவன். "அதுகள் வருசக்கணக்காக் குடிச்சிரிக்கி."

யாரோ சிரித்தார்கள். பிறகு ஹாஜியார் சிரித்தார். அதன் பிறகுதான் மற்றவர்களுக்கும் சிரிக்கலாம் என்ற தைரியம் வந்தது. ஸியாம் மட்டும் தன் கோப்பையைக் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்து, வெறுங்கோப்பையை நிஸ்றாவிடமே கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் காது மடல் சிவந்தது. கலியாண நாளை அன்றே பேசினார்கள்.

முன்பக்க வீட்டுக்குப் பூச்சு முடிந்து, மாப்பிள்ளை வந்து குடியேறினான். கிணற்றின் மேல் பலகை போட்டு மூடியாயிற்று. பலகைத் தட்டிலிருந்த பச்சைக் கேன்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, மேல் தட்டு காலியாகிவிட்டது. காக்காவின் பாடத்தில் இப்போது பிழைகாரர் நால்வர். நாலாவது ஆளைச் சொல்லும்போது தன் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டுவார். பூட்டிக்கொண்டு போன எஞ்சின் எதுவும் திரும்பி வருவதில்லை. திரும்பி வராததால் சும்மா செய்து கொடுக்கவும் வழியில்லை. இதனால் நேர்ந்த ஒரு நட்டத்தை மட்டும் அவரால் ஈடுசெய்ய முடியவில்லை.

போன மாதம் எண்ணெய் மாற்ற வந்த ஓர் இளம் றைவன், கூலிக்குப் பேரம் பேசிச் சரிவராமல், முகத்தைத் தூக்கிக்கொண்டு சொன்னான்: "முந்தி இஞ்ச ஒரு காக்கா இருந்தாராம். எத்தின தரம் எஞ்சின் திரும்பி வந்தாலும் சும்மா செஞ்சு குடுப்பாராம். அப்படியான மனிசர் இப்ப எங்க!"

காக்கா பெரிய மூச்சு ஒன்றை விட்டார். பச்சைக் கேனை நிதானமாக மூடி, துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஓம் தம்பி, அவர் சரியான நல்ல மனிசன்தான்," என்றார். "தேத்தண்ணி தந்தா மட்டும் குடிச்சிராத."